ஃப்ரெடியின் பல்லை நேராக்காதீர்கள்: மறைந்த ரொக் பாடகருக்கு ஒரு டிஜிட்டல் உருவப்படம்

மலையகத்தில் கம்பியூட்டரில் படவேலை தெரிந்தவர்களில் பலர் கை பழகியது கண்ணீர் அஞ்சலி பேனரில்தான். தோட்டத்தில் ஒருவர் தவறிவிட்டால், அவருடைய அடையாள அட்டைப் போட்டோவை ஸ்கேன் செய்து, முகத்தை நன்றாக வெளுப்பாக்கி, கன்னத்துச் சுருக்கத்தை அழித்து, பின்னால் மேகம், இரண்டு பக்கமும் புறா, கீழே தோற்றம் மறைவு என்று திகதி போட்டு, பொழுது சாய்வதற்குள் லயத்து முனையில் கட்டிவிட வேண்டும். நானும் ஹட்டன் பக்கம் இந்த வேலையைச் செய்து சம்பாதிக்கிற ஆள்தான். சாவு வீட்டுக்காரர்கள் கேட்பது அதுதான், கொடுக்கிறோம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ரசிகராக உட்கார்ந்து, பிடித்த பாடகர் ஒருவருக்கு அஞ்சலியாக உருவப்படம் வரையும்போது இந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். நாம் அழகாக்குகிறோம் என்று கை வைக்கிற இடங்களில்தான் பெரும்பாலும் அந்த ஆளே இருக்கிறார்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது குயின் என்ற பிரிட்டிஷ் ரொக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியை. 1946 செப்டெம்பர் 5 அன்று சான்சிபாரில் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்து, 1991 நவம்பர் 24 அன்று லண்டனில் 45 வயதில் இறந்தவர். வீட்டுப் பெயர் ஃபரோக் புல்சாரா. சின்ன வயதில் அவரை மகாராஷ்டிராவில் பஞ்ச்கனி என்ற மலையூருக்கு அனுப்பி போர்டிங் ஸ்கூலில் சேர்த்தார்கள், பள்ளித் தோழர்களோடு சேர்ந்து முதல் இசைக்குழு தொடங்கியதும் அங்கேதான். மலை, பனி, போர்டிங், வீட்டிலிருந்து எப்போதாவது வரும் கடிதம்: நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமான கதை இல்லை. பிறகு லண்டன் ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்தார். மாணவராக இருந்தபோது தன் அபிமான கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை வரைந்திருக்கிறார், குயினின் சின்னத்தை வடிவமைத்ததும் அவரே. நீங்கள் வரைய நினைப்பது வேறு யாராவது என்றால், செஸ்டர் பெனிங்டனோ கர்ட் கோபேனோ, கீழே உள்ள முறை அப்படியே பொருந்தும். முகம் மட்டும்தான் மாறும்.

எந்த வருடத்து முகம்

"ஃப்ரெடியை வரையப்போகிறேன்" என்றால் போதாது, எந்த ஃப்ரெடி என்று முடிவு செய்யாமல் பேனாவைத் தொடாதீர்கள். 1974 வாக்கில் இருந்தவர் தோள்வரை முடி வளர்த்த, மீசை இல்லாத, கண்ணுக்கு மை தீட்டிய இளைஞர். 1980-க்குப் பிறகு வந்தவர் முடியைக் குட்டையாக வெட்டி மீசை வைத்தவர். 1986 சுற்றுப்பயணத்தில் மஞ்சள் ஜாக்கெட். கடைசி வருடங்களில் நோய் முகத்தை வற்றவைத்துவிட்டது, கன்ன எலும்பு தனியாகத் தெரியும். இரண்டு காலத்துப் போட்டோக்களைக் கலந்து வரைந்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரு முகம் வரும், ஆள் வரமாட்டார்.

எல்லோரும் வரைவது அந்த மஞ்சள் ஜாக்கெட், மேலே தூக்கிய முஷ்டி. எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை. அந்த உருவத்துக்கு முகமே தேவையில்லை, கறுப்பு நிழலாக வெட்டி ஒட்டினாலும் யார் என்று தெரிந்துவிடும், அதனால் அதை வரைந்து நீங்கள் முகத்தைப் பற்றி ஒன்றும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. டீசேர்ட்டுக்கு என்றால் சரி.

முதல் படத்துக்கு நான் சொல்வது 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி. வெள்ளை பனியன், வெளிர் ஜீன்ஸ், மேற்கையில் ஆணி பதித்த பட்டி, கையில் பாதித் தண்டு மட்டும் உள்ள மைக். குயின் மேடையேறியது அங்கே மாலை 6.41 மணிக்கு. நமக்கு அந்த நேரத்தில் இருட்டிவிடும், ஆனால் லண்டனில் ஜூலை மாதத்து 6.41 என்பது நல்ல பகல் வெளிச்சம். இதுதான் நமக்கு வேண்டியது. வண்ண வண்ண மேடை விளக்கு முகத்தில் விழும் போட்டோக்களில் மூக்கு பச்சை, காது ஊதா என்று இருக்கும், பழகாத கைக்கு அது பெரிய தலைவலி.

போட்டோ சேர்ப்பது

ஒரே ஒரு போட்டோவை வைத்து வரையாதீர்கள். நேர்முகம், முக்கால்வாசி திரும்பிய முகம், பக்கவாட்டு முகம், மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்த ஒன்று என்று பல கோணங்களைச் சேர்த்து வையுங்கள். நீங்கள் வரைவது முக்கால்வாசி முகமாகவே இருக்கட்டும், பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தால்தான் மேல்தாடை எவ்வளவு முன்னால் வருகிறது, மூக்கின் எலும்பு எங்கே திரும்புகிறது என்று புரியும். நேர்முகப் போட்டோ அதையெல்லாம் ஒளித்துவிடும். லைவ் எய்ட் வீடியோவையும் ஓடவிட்டுப் பாருங்கள், ஆனால் அது 1985 டிவி ஒளிப்பதிவு, நிறுத்திப் பார்த்தால் நிறமெல்லாம் கசிந்து கிடக்கும். தலை எப்படிச் சாய்கிறது, கழுத்து நரம்பு எப்போது இழுபடுகிறது என்று பார்ப்பதற்கு வீடியோ, கண் இமைக்கும் பல்லுக்கும் போட்டோ.

இணையத்தில் கிடைக்கும் படங்களில் இடம் வலமாகத் திருப்பிப் போட்டவை நிறைய. போஸ்டர் செய்தவர் தன் வசதிக்குத் திருப்பியிருப்பார், அதை இன்னொருவர் எடுத்துப் போட்டிருப்பார். மனித முகம் எதுவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது, அதனால் நேரான படம் மூன்றும் திரும்பிய படம் இரண்டும் கலந்துவிட்டால் எங்கே பிசகுகிறது என்றே தெரியாமல் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். பின்னணியில் எழுத்து இருந்தால் அது நேராக வாசிக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள். எழுத்து இல்லையென்றால் அந்த ஆணிப்பட்டி எந்தக் கையில் இருக்கிறது என்று வீடியோவோடு ஒப்பிட்டால் போதும்.

சேர்த்ததையெல்லாம் லெப்டொப்பில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவுனில் சிக்னல் நன்றாக இருக்கும், தோட்டத்துக்குள் மழை பிடித்தால் ஒரு போட்டோ திறக்கவே தேநீர் குடித்து முடித்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போட்டோ எடுத்தவருக்கு அதில் உரிமை இருக்கிறது, இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் போட்டோக்களையும் பாதுகாக்கிறது. பயிற்சிக்காக ஒன்றைப் பார்த்து வரைந்து வீட்டில் வைத்துக்கொள்வது வேறு, புகழ்பெற்ற போட்டோ ஒன்றை அச்சாக நகல் எடுத்து டீசேர்ட்டில் அடித்து விற்பது வேறு. பல போட்டோக்களிலிருந்து முகத்தைப் புரிந்துகொண்டு உங்கள் சொந்தக் கோணத்தில், சொந்த வெளிச்சத்தில் வரையச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படி வரைந்தால் படமும் உங்களுடையதாக இருக்கும்.

கருவியும் கான்வாஸும்

கருவியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. லெப்டொப் இருந்தால் கிரிட்டா, இலவசம், ஓவியத்துக்கென்றே செய்யப்பட்டது, திருட்டு ஃபோட்டோஷொப் தேடி வைரஸ் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. போன் மட்டும் என்றால் ஐபிஸ் பெயின்ட் எக்ஸ். திரை இல்லாத சின்ன பென் டெப்லட் ஒன்று இருந்தால் போதும், கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரைவது முதல் ஒரு கிழமை எரிச்சலாக இருக்கும், அப்புறம் மறந்துபோகும். மவுஸால் வரையலாமா என்று கேட்பவர்களுக்கு: தட்டையான போஸ்டர் பாணிக்கு முடியும், இங்கே சொல்லும் மாதிரிக்கு முடியாது. விரலால் போனில் வரைவது மவுஸை விட மேல்.

கான்வாஸ் அளவை அச்சடிக்கும் எண்ணத்தோடு முதலிலேயே வையுங்கள். ஏ3 தாளுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508க்கு 4961 பிக்சல். இந்த அளவில் முழுதாக நிரம்பிய ஒரு லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) ஏறக்குறைய 70 எம்பி ரேமைப் பிடிக்கும், அதனால் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லெப்டொப்பில் முப்பது நாற்பது லேயர் என்று போனால் திணறத் தொடங்கிவிடும். லேயர் அதிகம் தேவையும் இல்லை. ஸ்கெட்ச், பின்னணி, உடல், முகம், முடி. இதற்கு மேல் ஒன்றே ஒன்று: மீசைக்குத் தனி லேயர். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ரேம் போதவில்லை என்றால் ஏ4, அதாவது 2480க்கு 3508, அதுவும் நல்ல அளவுதான்.

ஆட்டோசேவ் இடைவெளியை அமைப்புகளில் சில நிமிடங்களாகக் குறைத்து வையுங்கள். ஏப்ரல் மாதமும் ஒக்டோபர் நவம்பரும் பிற்பகலில் இடி மின்னல் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். முதல் இடி கேட்டதும் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு பேட்டரியில் வேலை செய்யுங்கள்.

நிறம் பார்ப்பதற்கு இன்னொரு சின்ன வேலை. லெப்டொப்பிலும் போனிலும் இரவானால் திரையை மஞ்சளாக்கும் வசதி போட்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். மஞ்சள் திரையில் சரியாகத் தெரியும் முகம் காலையில் பார்த்தால் நீலம் பூத்துக் கிடக்கும். அதேபோல குண்டு பல்பின் கீழே நிறம் தீட்டுவதை விட, மூட்டமான பகலில் ஜன்னலோரம் உட்கார்வது நல்லது. பனி வெளிச்சத்தை ஒரே சீராகப் பரப்பித் தருகிறது, நுவரெலியாக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள்.

ஸ்கெட்ச்: வாயிலிருந்து தொடங்குங்கள்

பொதுவாகக் கண்ணிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். ஃப்ரெடிக்கு வாய்தான் முதலில்.

அவருக்கு வாயின் பின்பக்கத்தில் நான்கு பற்கள் கூடுதலாக இருந்தன, அவை நெருக்கித் தள்ளியதால் மேல்வரிசை முன்பற்கள் முன்னால் வந்துவிட்டன. காசு பணம் வந்த பிறகும் அவற்றை எடுக்கவில்லை, எடுத்தால் குரல் மாறிவிடுமோ என்ற பயம். அதற்காக அந்தப் பற்களைப் பற்றி அவர் கவலைப்படாமல் இருந்ததாக நினைக்க வேண்டாம், சிரிக்கும்போது கையால் மறைப்பார், மேலுதட்டை இழுத்து மூடுவார். இதெல்லாம் வெறும் தகவல் இல்லை, படம் வரைகிறவருக்கு நேரடியாகப் பயன்படும் உடற்கூறு. மேலுதடு பற்களின் மேல் இழுபட்டு நிற்பதால் மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள பகுதி தட்டையாக இல்லாமல் உருண்டையாக முன்னால் வருகிறது. வாயை மூடியிருக்கும்போது உதடு சும்மா மூடியிருக்காது, மூடி வைக்கப்பட்டிருக்கும், அந்த முயற்சி உதட்டோரங்களில் தெரியும். மேல்பகுதி முன்னால் வருவதால் கீழுதட்டின் மேல் ஒரு நிழல் விழும், மோவாய் கொஞ்சம் உள்ளே போனதுபோல் தோன்றும். ஆனால் தாடை எலும்பு பலமானது, அகலமானது, அதைச் சிறிதாக்கிவிடாதீர்கள்.

கையோடு ஒரு சோதனை செய்து பாருங்கள். அழகுபடுத்தும் ஃபில்டர் உள்ள போன் ஆப் ஒன்றில் அவருடைய போட்டோவைப் போட்டு, தாடையை ஒடுக்கி, உதட்டை ஒழுங்காக்கி, மூக்கைச் சன்னமாக்குங்கள். மீசை வைத்த யாரோ ஒரு அழகான மனிதர் வருவார். ஃப்ரெடி போய்விட்டிருப்பார்.

ஸ்கெட்சில் முதலில் தலையை ஒரு பெட்டியாகப் பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது மட்டும். பிறகு வாய்ப் பகுதியை முகத்தின் முன்னால் படுக்க வைத்த ஒரு குட்டி உருளையின் முன்பாதியாக வரைந்துகொள்ளுங்கள். உதட்டுக் கோடு அந்த உருளையின் மேல் வளைந்து போகவேண்டும், தட்டையான தாளில் போட்ட கோடுபோல் நேராகப் போகக்கூடாது. இது சரியாக அமைந்துவிட்டால் மூக்கு, கண் எல்லாம் அதற்கு ஏற்ப இடம் பிடிக்கும். அவருடைய கண்கள் கறுத்தவை, புருவம் அடர்த்தி, கண்ணுக்கும் புருவத்துக்கும் இடையே வெளிச்சம் குறைவு, அதனால் கண்ணின் வெள்ளைப் பகுதியை வெள்ளையாகத் தீட்டினால் பயந்தவர் மாதிரி ஆகிவிடும்.

பாடும் வாயை வரைவதென்றால் பற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பல்லுக்குப் பல் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள், பியானோக் கட்டை மாதிரி இருக்கும். மேல்வரிசையை ஒரே வடிவமாக, அதன் கீழ் ஓரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சரியாக வரையுங்கள், முன்னால் இருக்கும் இரண்டு மூன்று பற்களுக்கு மட்டும் ஈறுப் பக்கம் சின்ன இடைவெளி காட்டினால் போதும். பல்லின் நிறம் வெள்ளை இல்லை. மேலுதட்டின் நிழலுக்குள் இருப்பதால் சாம்பல் கலந்த மங்கலான மஞ்சள், பனியனை விடப் பல படி இருட்டு. வாயின் உள்ளே கறுப்பு நிரப்பாதீர்கள், கருஞ்சிவப்பு.

அடிக்கடி படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் பாருங்கள். கிரிட்டாவில் கீபோர்டில் ஆங்கில M எழுத்தைத் தட்டினால் பார்வை மட்டும் திரும்பும், படம் திரும்பாது. உங்கள் கண் பழகிப்போன பிசகெல்லாம் திருப்பினவுடன் பளிச்சென்று தெரியும். சில ஆப்களில் படத்தையே திருப்பும் வசதிதான் முதலில் கைக்குக் கிடைக்கும், அதைப் பாவித்தால் மறுபடி நேராக்கிவிட்டுத்தான் அடுத்த கோடு.

வெளிச்சம் முதலில், நிறம் பிறகு

ஸ்கெட்ச் முடிந்ததும் நேராக நிறத்துக்குப் பாய வேண்டாம். இரண்டே நிழல் அளவுகள், வெளிச்சத்தில் இருக்கும் பகுதி ஒன்று, நிழலில் இருக்கும் பகுதி ஒன்று, அவ்வளவுதான். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கான்வாஸ் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள், சிரிக்காதீர்கள், நடுவில் மறந்துபோகும். இந்த இரண்டு அளவிலேயே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், அந்த ஆளின் சாயல் கொஞ்சம் தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் மேலே எவ்வளவு மினுக்கினாலும் வராது, திரும்ப ஸ்கெட்சுக்குப் போங்கள்.

வெளிச்சம் ஒரு முகத்தை என்ன செய்யும் என்று பார்க்க நல்ல உதாரணம் 1974-ல் வந்த குயினின் இரண்டாவது அல்பத்தின் அட்டை. மிக் ராக் எடுத்த போட்டோ. கறுப்புப் பின்னணி, வெளிச்சம் மேலிருந்து மட்டும், கண்குழி இருட்டு, கன்ன எலும்பும் மூக்கு நுனியும் மட்டும் மிதக்கின்றன. 1974 முகத்தை வரைய ஆசைப்படுபவர்கள் இந்த வகை வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம், போட்டோவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லைவ் எய்ட் மாதிரியான பகல் வெளிச்சத்தில் கதை வேறு. அங்கே நிழல் முழு இருட்டு இல்லை, திறந்த வானத்தின் வெளிச்சம் நிழலுக்குள்ளும் விழுகிறது.

நிழல் அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி: எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு முழுவதும் கறுப்பு நிரப்பி, அதன் பிளென்டிங் முறையை, அதாவது கீழே உள்ள லேயர்களோடு கலக்கும் விதத்தை, கலர் என்று மாற்றுங்கள், படம் முழுவதும் கறுப்பு வெள்ளையில் தெரியும். அந்த லேயரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். நிறத்தில் நன்றாக இருந்த முகம் கறுப்பு வெள்ளையில் தட்டையாகத் தெரிந்தால் நிழல் போதவில்லை.

தோல் நிறம்

ரசிகர்கள் வரைந்த எத்தனையோ படங்களில் ஃப்ரெடி பால் வெள்ளையாக இருக்கிறார். அவர் குஜராத்திலிருந்து போன பார்சிக் குடும்பத்துப் பிள்ளை, கறுத்த முடி, கறுத்த கண், வெயில் பட்டால் மாநிறத்துக்கு வரும் தோல். பனியனின் வெள்ளைக்குப் பக்கத்தில் அந்தத் தோலை வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். போட்டோவிலிருந்து ஐட்ரொப்பரால் (தொட்ட இடத்து நிறத்தை எடுக்கும் கருவி) நிறம் எடுப்பதை நம்பவேண்டாம், பழைய ஃபிலிம் ஒவ்வொன்றும் ஒரு நிறத்துக்குச் சாயும், ஸ்கேன் செய்தவர் இன்னொரு பக்கம் சாய்த்திருப்பார்.

தொடங்குவதற்கு ஒரு கணக்கு தருகிறேன், பிறகு உங்கள் கண்ணால் திருத்திக்கொள்ளுங்கள். கலர் சக்கரத்தில் செம்மஞ்சள் பக்கம் 20 முதல் 25 டிகிரி, நிற அடர்த்தி (சச்சுரேஷன்) 45 சதவீதம், வெளிச்சம் (வேல்யூ) 75 சதவீதம். இது வெளிச்சப் பகுதிக்கு. நிழலுக்கு இதோடு கறுப்பைக் கலக்காதீர்கள், சேற்று நிறம் வரும். சக்கரத்தில் சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, அடர்த்தியைக் கூட்டி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். வானத்தைப் பார்த்திருக்கும் நிழல் பகுதிகளுக்கு அடர்த்தியைக் குறைத்துச் சாம்பலுக்குக் கொண்டுபோங்கள், செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அந்தச் சாம்பலே நீலமாகத் தெரியும், தனியாக நீலம் தேவையில்லை.

முகம் முழுவதும் ஒரே நிறமும் இல்லை. நெற்றி மஞ்சள் பக்கம், மூக்கு, கன்னம், காது சிவப்புப் பக்கம், மோவாயும் தாடையும் சவரம் செய்த நிழலால் பச்சை கலந்த சாம்பல் பக்கம். அவருக்கு இந்தத் தாடை நிழல் முக்கியம், அதை விட்டுவிட்டால் மீசை ஒட்டு மீசையாகத் தெரியும். வேர்வையும் இருக்கும், மேடையில் ஓடிப் பாடுகிற ஆள். நெற்றியிலும் மூக்கிலும் கழுத்துக் குழியிலும் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள், ஆனால் கடைசியில் மட்டும், கொஞ்சமாக மட்டும்.

ஏர்பிரஷ் வேண்டாம் என்பது என் பிடிவாதம். முகத்தை மொழுமொழுவென்று ஆக்குவது அதுதான். கொஞ்சம் ஓரம் தெரியும் சாதாரண பிரஷ்ஷால் பக்கத்துப் பக்கத்து நிறங்களை வைத்து, நடுவில் இரண்டின் கலவையை எடுத்து வைத்து நிரவுங்கள். மூக்கின் பக்கவாட்டு நிழல், மேலிமை, உதடு சேரும் கோடு இவற்றின் ஓரம் கூர்மையாக இருக்கட்டும், கன்னம் திரும்பும் இடமும் தலைமுடி பின்னணியோடு சேரும் இடமும் கரைந்து போகட்டும். எல்லா ஓரமும் கூர்மையாக இருந்தால் கத்தரித்து ஒட்டிய ஸ்டிக்கர்தான்.

மீசைச் சோதனை

மீசையை மயிர் மயிராக வரையத் தொடங்காதீர்கள். முதலில் ஒரே இருட்டு வடிவம், அதன் மேல் ஓரம் உருண்ட மேலுதட்டின் மேல் கரைய, கீழ் ஓரம் உதட்டின் மேல் நிழல் போட. வெளிச்சம் படும் பக்கம் கொஞ்சம் பழுப்பு. ஓரங்களில் மட்டும் சில தனி மயிர்கள். தலைமுடிக்கும் இதே முறை, கறுப்பு முடிக்குள் வானத்தின் வெளிச்சம் படும் இடம் நீலச் சாம்பல்.

முடிந்ததும் அந்த மீசை லேயரை அணைத்துவிட்டு, குயின் வீடியோ பார்த்த யாரிடமாவது காட்டுங்கள். ஓவியம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, தங்கச்சியோ கடையில் கூட வேலை செய்யும் தம்பியோ போதும். யார் என்று பெயரைச் சொல்லாமல் கேளுங்கள். மீசை இல்லாமலும் "அந்தக் குயின் ஆள்தானே" என்று வந்தால் உங்கள் முகம் நிற்கிறது. "யாரோ வெள்ளைக்காரன்" என்று வந்தால் வாய்ப் பகுதிக்குத் திரும்பிப் போகவேண்டும், பெரும்பாலும் மேலுதட்டு உருண்டையும் தாடை அகலமும்தான் காரணமாக இருக்கும். மற்றக் கலைஞர்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு மூடி இருக்கும், ஒருவருக்குக் கண்ணாடி, ஒருவருக்குத் தொப்பி, ஒருவருக்கு முகத்தில் விழும் முடி. அதைத் தனி லேயரில் வைத்துக் கழற்றிப் பாருங்கள்.

பின்னணியில் என்ன வைப்பது

புறா, மேகம், மெழுகுவர்த்தி, இறக்கை எதுவும் வேண்டாம். அவருடைய பொருள் ஏற்கனவே இருக்கிறது, அந்தப் பாதி மைக் தண்டு. அது பார்வையைக் கொண்டுபோகும் கோடாகவும் உதவும், தண்டின் சாய்வு முகத்தை நோக்கி ஏறினால் பார்ப்பவர் கண் தானாக வாய்க்குப் போகும். வெள்ளை பனியனைச் சுத்த வெள்ளையில் தீட்டாமல் வெளிர் சாம்பலில் தொடங்கி, தோளில் வெளிச்சம் படும் ஒரு இடத்தில் மட்டும் வெள்ளை. குயின் சின்னத்தைப் பின்னால் பெரிதாக ஒட்ட வேண்டும் என்று கை பரபரக்கும், அதில் நண்டு, சிங்கங்கள், தேவதைகள் எல்லாம் குழுவினரின் ராசிகள், அழகான வேலை, ஆனால் அது அவர் வரைந்த படம், உங்கள் படத்தில் அதை இறக்கினால் கண் அங்கேதான் போகும். பின்னணிக்கு ஒரே மங்கலான நிறம், முகத்தின் இருட்டுப் பக்கத்துக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம், வெளிச்சப் பக்கத்துக்குப் பின்னால் கொஞ்சம் இருட்டு. போதும்.

திகதி போடவேண்டும் என்றால் கீழே சின்னதாகத் தோற்றம் 05.09.1946, மறைவு 24.11.1991 என்று தமிழிலேயே போடலாம், எனக்கு அது பிடிக்கும். பாடல் வரி எழுத வேண்டாம், உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம், முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது இன்னொரு பக்கம்.

அச்சடிப்பது

மூல ஃபைலை லேயர்களோடு கிரிட்டாவின் வடிவத்திலேயே இரண்டு இடத்தில் வையுங்கள், அச்சுக்குத் தனியாக டிஃப் அல்லது அதிகத் தரத்தில் ஜேபெக். பென் டிரைவில் கொண்டுபோவது நல்லது, வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் போட்டோவாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கிவிடும். ஃபிளெக்ஸில் அடிப்பதானால் 300 டிபிஐ தேவையில்லை, நான்கடிக்கு மூன்றடி பேனருக்கு 100 டிபிஐ, அதாவது 4800க்கு 3600 பிக்சல் தாராளம். ஆனால் ஃபிளெக்ஸில் இருட்டுப் பகுதிகள் அடைத்துக்கொள்ளும், திரையில் தெரிந்த மீசை நுணுக்கம் ஒரே கறுப்பாகிவிடும், அதனால் அச்சுப் பிரதியில் மட்டும் நிழல்களைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். முகம் மட்டும் வரும் ஒரு சின்னத் துண்டை முதலில் அடித்துப் பார்க்கச் சொன்னால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். கடையில் "முகம் இருட்டா இருக்கு, பிரைட் பண்ணவா" என்று கேட்பார்கள், அது அவர்கள் பழக்கம், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டில் மாட்டுவதற்கு ஃபிளெக்ஸை விட மெட் தாள் நல்லது. ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நம்ம குளிருக்கும் ஈரத்துக்கும் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது, பூஞ்சணமும் பிடிக்கும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டாமல் வீட்டின் நடுச்சுவரில் மாட்டுங்கள், நேர் வெயில் படாத இடமாக. சில வருடத்தில் நிறம் மங்கினால் மூல ஃபைலைத் திறந்து திரும்ப அடித்துக்கொள்ளலாம், அதற்குள் உங்கள் கையும் தேறியிருக்கும், அந்த மேலுதட்டை இன்னொரு தடவை திருத்த ஆசை வரும்.